இராமனும் வைரமும்

மல்லேஸ்வரத்தின் 15ஆம் குறுக்குத் தெருவில் உள்ள ‘பஞ்சவடி’ சர் சி. வி. இராமன் வாழ்ந்த இல்லம். அவ்வழியே செல்வோர் ஒளிச்சிதறலையும் 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் நினைவுகூர்வர். அவர் பெங்களூரில் நடத்தித் தோற்ற ஒரு வழக்கை அறிந்தோர் குறைவு. அது கார்பனைப் பற்றியது.

கார்பன் ஒரே தனிமம். அதன் உருவங்களோ பல. கிராஃபைட்டில் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கும்; ஏடுகள் வழுக்கி உதிர்வதால்தான் பென்சில் எழுதுகிறது. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கும். ஆகவே அது கண்ணாடியை அறுக்கிறது. செம்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நகைக்கடையில் மூக்குத்திக் கல்லின்மேல் வைத்துப் பார்க்கும் சோதனைக் கருவி அளப்பது இந்த வெப்பக் கடத்தலையே.

கிராஃபைட்டின் ஏடுகள்வழியே மின்சாரம் எளிதாகவும் அவற்றின் குறுக்கே மிக அரிதாகவும் பாய்வதை 1939இல் கல்கத்தாவில் காட்டியவர்களுள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமனின் மாணவர். வைரத்தை இராமன் தமக்கென வைத்துக்கொண்டார்.

சில வைரங்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. சில அதனைக் கடக்க விடுகின்றன. இவ்வேறுபாட்டை 1934இல் இராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் ஆகியோர் விளக்கமாகப் பதிவு செய்திருந்தனர். காரணம் யாது? வைரத்துக்கு நான்கு வகைக் கட்டமைப்புகள் உண்டு என்பது 1940களில் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து இராமன் அளித்த விடை. இலண்டனில் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல் அதனை மறுத்தார். இராமன் இணங்கவில்லை. 1959இல் பெல் ஆய்வகத்தின் கைசரும் பாண்டும் உண்மையைக் கண்டனர்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வைரங்களில் நைட்ரஜன் கலந்திருந்தது. கட்டமைப்பு ஒன்றே, வேறுபாடு மாசினால் வந்தது.

எனினும் இராமனின் ஒளிச்சிதறல் முறையால் சி. ராமசாமி 1930இல் வைரத்தில் கண்ட 1332 என்னும் அலையெண் கோடு இன்றும் வைரத்தின் அடையாளம். மணிக்கல் ஆய்வகங்கள் வைரத்தைப் போலிக் கற்களிலிருந்து பிரித்தறிய அதனையே நாடுகின்றன. ஆசிரியரின் கோட்பாடு வீழ்ந்தது. அவர் தந்த கருவி நிலைத்தது.

தமிழில் ‘வயிரம்’ மணியையும் மரத்தின் உள்ளுறுதியையும் குறிக்கும், நெடும்பகையையும் குறிக்கும். முன்னவை வடமொழி ‘வஜ்ர’ என்பதிலிருந்தும் பின்னது ‘வைர’ என்பதிலிருந்தும் வந்து தமிழில் ஒரே சொல்லாயின. இராமனிடமும் அவை பிரியாமலே இருந்தன. 1928இல் பிறர் ஐயுற்றபோது அவரைத் தாங்கிய உறுதியே வைர வழக்கில் அவரது கண்ணை மறைத்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று மாணவர்க்கு அவரது வெற்றியைச் சொல்கிறோம். இத்தோல்வியையும் சேர்த்துச் சொன்னால்தான் அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பது அவர்களுக்குப் புலப்படும்.