உடப்புசல்லாவை ரயிலை ஓட்ட எந்தக் கணினி வேண்டும்?

நம்ம பக்கம் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் பலர் நம்புவதில்லை. நானுஓயாவில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறுகிய பாதை. 1903-04இல் திறந்தார்கள். பேர் என்னவோ உடப்புசல்லாவைப் பாதை; ரயில் இராகலையைத் தாண்டி வரவே இல்லை! தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கவும், அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றவும் போட்ட பாதை. கந்தப்பளை நிலையம் இன்றைய பட்டிப்பொலவையும் விட உயரத்தில் இருந்தது. 1940களில் பாதையை மூடி, பிறகு தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள்.

இனி அதில் ஓட்டிப் பார்க்க ஒரே வழி சிமுலேட்டர்தான். 2001இல் மைக்ரோசொஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டர் வந்தபோது அதில் ஆறு பாதைகள் இருந்தன. ஒன்று ஜப்பானின் ஹிசாட்சு மலைப்பாதை. நம்ம தெமோதரை மாதிரியே அதிலும் ஒரு வளையம் உண்டு. நம்ம பாதை இல்லை. ஆனால் சொந்தமாகப் பாதை அமைக்கும் எடிட்டரையும் கூடவே கொடுத்திருந்தார்கள்.

"நம்மகிட்ட இருக்கிறது பழைய மெஷின், ஓடாது" என்று உடனே சொல்வோம். உண்மைதான், சிமுலேட்டர் பாரமானது. படம் வரைவதோடு அதன் வேலை முடியாது. ஏற்றம், இழுக்கும் பாரம், நீராவி, பிரேக் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் ப்ரொசெஸரின் தலையில்தான் விழும். ஆனால் புது மெஷினும் எப்போதும் காப்பாற்றவில்லை. 2006இல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தபோது ப்ரொசெஸர்கள் பல கோர்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அதுவோ பெரும்பாலும் ஒரே கோரை நம்பியிருந்தது. காசு கொட்டி வாங்கிய கணினிகளும் திக்கித் திணறின. மறுபக்கம், 1980 வாக்கில் புரூஸ் ஆர்ட்விக் அப்பிள் 2 கணினிக்கு எழுதிய விமான சிமுலேட்டர் 16 கிலோபைட் நினைவகத்தில் ஓடியது. மலையெல்லாம் வெறும் கோடு, அவ்வளவுதான்.

பழைய கணினிக்குப் பெரிய தலையிடி தூரத்துக் காட்சி. ட்ரெய்ன் சிமுலேட்டர் 2 கிலோமீட்டருக்கு அப்பால் நிலத்தையே காட்டாது. தொண்ணூறுகளில் கேம் செய்தவர்கள் இதை மறைக்கக் கண்ட உபாயம் பனிமூட்டம். 1997இன் 'டூரோக்', 1999இன் 'சைலண்ட் ஹில்' எல்லாம் அப்படித்தான். சமவெளியில் அது பொய்யாகத் தெரியும். கந்தப்பளையில்? பின்னேரம் மூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிற ஆளே தெரியாது. மூட்டம் இல்லாத நாளிலும் வளைவுக்கு வளைவு மலை மறைக்கும். பழைய கணினிக்கென்றே செய்த ஊர் மாதிரி!

கஷ்டம் தேயிலைச் செடிதான். ஒவ்வொரு செடியாக நட்டால் எந்தக் கணினியும் மூச்சு வாங்கும். பாதையோரம் இரண்டு மூன்று வரிசையைச் செடியாக வைத்து, அப்பாலுள்ள மலையை நிலத்தில் ஒட்டிய படமாக விட்டால் போதும். நிழலை அணைத்து, திரை அளவையும் குறைத்துக்கொள்ளலாம். ஆர்வலர்கள் இலவசமாக உருவாக்கிய 'ஓப்பன் ரெயில்ஸ்' அந்தப் பழைய பாதைக் கோப்புகளையே வாசிக்கிறது. அதனால் இன்று பழைய மெஷினில் கட்டுவது நாளை புதியதிலும் திறக்கும்.

இதில் அவசரம் கணினிக்கு இல்லை. அந்த ரயிலைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது 80 தாண்டியிருக்கும். பாதை போன வழியைப் பழைய வரைபடம் சொல்லும். எந்த வளைவில் விசில் ஊதியது, அரிசி மூட்டையை ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறக்கினார்கள் என்பதை லயத்தில் இருக்கிற தாத்தா, பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.