கோசனின் வறண்ட மாதம்: கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

பிரெஞ்சுத் தாவரச் சூழலியலாளர் ஆன்றி கோசன் (1891–1981) பிரனே மலைத்தொடரின் கிழக்குப் பாதியை ஆராய்ந்து 1926இல் பெயர் பெற்றார். மண், காலநிலை, தாவரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்த ஆய்வு அது. பின்னர் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து தாவரப் படவரைவுக்கென ஒரு மரபையே உருவாக்கினார். வித்துமூடியிலித் தாவரங்கள் பற்றிய பெருநூலும் அவருடையது. எனினும் தெற்காசியாவில் நிலைத்த செல்வாக்கை அவருக்குத் தந்தது ஓர் எளிய கணக்கு.

பாஞூலுடன் இணைந்து 1953இல் அவர் வெளியிட்ட விதி இதுதான்: ஒரு மாதத்தின் மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில், அம்மாதத்தின் சராசரி வெப்பநிலையின் (செல்சியசில்) இருமடங்கைத் தாண்டாவிட்டால் அது வறண்ட மாதம். ஆண்டு மழையின் கூட்டுத்தொகை செடிக்கு அதிகம் சொல்வதில்லை, தொடர்ந்து எத்தனை மாதம் அது தாகத்தோடு நிற்கிறது என்பதே முக்கியம் என்பது இவ்விதியின் உட்பொருள். ஹைன்ரிக் வால்ரரும் லீத்தும் 1960 முதல் வெளியிட்ட உலகக் காலநிலை வரைபடத் தொகுதி இதே விகிதத்தை ஏற்றுக்கொண்டது. இன்று பாடநூல்களில் வால்ரர் பெயரால் வழங்கும் வரைபடத்துக்கு அடிப்படை கோசனுடையது. மேற்கோள் கணக்கில் வால்ரருக்குக் கிடைத்த பங்கு சற்று மிகையே.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியே இம்முறை தமிழ் நிலத்துக்கு வந்தது. பியர் லெக்ரி, வியார் ஆகியோருடன் கோசன் 1961இல் கன்னியாகுமரித் தாளையும், 1964இல் இலங்கைத் தாளையும் 1:1,000,000 அளவுத்திட்டத்தில் வெளியிட்டார். நிறத்தேர்வு வெறும் அலங்காரமன்று. ஈரத்துக்கு நீலம், வறட்சிக்கு மஞ்சளும் செம்மஞ்சளும், வெப்பத்துக்குச் சிவப்பு, குளிருக்குச் சாம்பல் என வகுத்து, ஓர் இடத்தின் சூழற் காரணிகளுக்குரிய நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அவ்விடத்தின் நிறத்தைப் பெற்றார். படத்தைப் பார்ப்பவர் காட்டின் பெயரை அறியுமுன்பே அதன் காலநிலையைக் கண்டுகொள்வார்.

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயில் சேர்ந்தே காணலாம். ஏறத்தாழ 50 கி.மீ. தெற்கேயுள்ள திருகோணமலையின் மாதச் சராசரிகளை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டிவிடுகிறது. ஜூனில் வெப்பநிலை 30 பாகையை ஒட்டி நிற்பதால் எல்லைக்கோடு 60 மி.மீ.; பெய்வதோ அதில் பாதியளவே. எனவே ஜூன் ஐயமின்றி வறண்ட மாதம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி மரங்கள் கொண்ட உலர் வலயக் காட்டில் தடித்த சிறு இலைகளோடு பசுமை மாறாதவை முதன்மை பெறுவதும், இலையுதிர்ப்பவை அவற்றோடு கலந்து நிற்பதும் இந்தக் குறுகிய மாரிக்கும் நீண்ட கோடைக்கும் பொருந்துகின்றன. சோழமண்டலக் கரையின் காட்டோடு இதற்குள்ள உறவையும் இக்கணக்கு தெளிவாக்குகிறது.

ஆகஸ்டில் சிக்கல் எழுகிறது. பிற்பகல் இடிமழை அம்மாதச் சராசரியை 60 மி.மீ.க்கு மேலே தள்ளிவிடுவதால் விதிப்படி அது வறண்ட மாதமன்று. வன்னி விவசாயி அதை ஒப்பமாட்டார். நாலைந்து நாளில் பெய்யும் மழையைச் சோளகக் காற்று உறிஞ்சிவிடும். குளத்து நீரில்லாத இடத்தில் சிறுபோகம் இல்லை. இக்குறையை ஓரளவு கோசனே உணர்ந்திருந்தார். அவரது வறள்வெப்பச் சுட்டி மாதத்தை விட்டு நாளை எண்ணுகிறது: மழை நாள் கழிக்கப்படும், பனியோ மூடுபனியோ உள்ள நாள் அரை வறண்ட நாள், காற்றின் ஈரப்பதன் 40 சதவீதத்துக்கு மேல் ஏற ஏற நாளின் மதிப்பு குறையும். கடலோரத்துக்கு ஏற்ற நுட்பம்தான். ஆனால் மாத விதி என்ற முதற்சல்லடையில் தப்பிய மாதம் இந்த எண்ணிக்கைக்கு வருவதேயில்லை. காற்றின் வேகத்துக்கும் அதில் இடமில்லை.

கொக்கிளாய்க் களப்பை நோக்கித் திரும்பினால் காலநிலை விளக்கம் இன்னும் தளர்கிறது. 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட ஏறத்தாழ 20 சதுர கி.மீ. பரப்பு இலங்கைத் தாளில் 20 சதுர மில்லிமீற்றர்தான். நீரோரக் கண்டலும் தில்லையும், உவர்நிலத்து உமரியும் அதில் தெரிய வழியில்லை. அளவுத்திட்டத்தைப் பெருப்பித்தாலும் மழைக் கணக்கு அவற்றை விளக்காது. மா ஓயாவும் பேராறும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரத்தின் மணற்றடை, நிலத்தின் உவர் ஆகியவையே அங்கு எது எங்கே வளரும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கோசனின் இன்னொரு கருத்து வன்னியில் நேரடியாக நடைமுறையைத் தொடுகிறது. நிலத்தை மனிதர் தொடாமல் விட்டால் சுமார் ஒரு நூற்றாண்டில் எந்தத் தாவரக்கூட்டம் அமையுமோ, அதை ‘அண்மை உச்சநிலை’ என அவர் கொண்டார். பற்றையும் அடர்காடும் ஒரே வளர்ச்சித் தொடரின் படிகளாக அவர் படங்களில் ஒரே நிறக் குடும்பத்தில் இடம்பெறுவதன் காரணம் இதுவே. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்மக்கள் 1984 இறுதியில் வெளியேற்றப்பட்டுப் போர் முடிந்த பின்னரே மீளத் திரும்பினர். இத்தகைய இடங்களில் உழவு நின்ற வயல் கால் நூற்றாண்டில் பற்றைக்காடாகிவிடும். கோசனின் சட்டகம் அதை மீளும் காடு என்று சரியாகவே இனங்காணும். அங்கிருந்த வரம்பையும் உறுதிக்காணியையும் காணாது. வன ஒதுக்கு எல்லைகள் குறித்து வன்னியில் எழும் பிணக்குகளில், இன்றைய மரப்போர்வை மட்டுமே சான்றாகும்போது நேர்வது இப்பிழைதான். குளக்கட்டுகள், பழைய காணிப் படங்கள், ஊரார் நினைவு ஆகியவற்றைத் தாவரப் படத்தோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வே இங்கு கோசனின் முறையைப் பயனுள்ளதாக்கும்.