பைசைக்கிள் தீவ்ஸ்: திரைப்படத்தில் உழைப்பாளர் வறுமை

பைசைக்கிள் தீவ்ஸ், வித்தோரியோ தெ சிகா இயக்கி 1948-இல் வெளிவந்த இத்தாலியத் திரைப்படம். லூயிஜி பார்த்தோலினியின் நாவலைத் தழுவிய திரைக்கதையில் செசாரே சவத்தீனியின் பங்கு பெரிது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் எழுந்த நியோரியலிச இயக்கத்தின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

ரோம் நகரின் விளிம்பிலுள்ள வால் மெலைனா குடியிருப்பில் வாழும் அந்தோனியோ ரிச்சிக்கு நகராட்சியில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் கட்டாயம். அவன் தயங்கியதுமே, சுற்றி நிற்கும் வேலையற்றவர்கள் தங்களிடம் சைக்கிள் இருப்பதாகக் குரல் கொடுக்கிறார்கள். ஒருவன் வாய்ப்பை நழுவவிடுவதற்காக இன்னொருவன் காத்திருக்க வேண்டிய நிலையை அந்த முதல் காட்சியே சொல்லிவிடுகிறது. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளைத் துவைத்து எடுத்துப் போகிறாள்; கிடைப்பது 7,500 லிரா. அடகுக் கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரைவரை உயர்ந்த அடுக்குகளில் ஏறுகிறார். அங்கே இருப்பதெல்லாம் இதுபோன்ற மூட்டைகளே. ஒரு குடும்பத்தின் கதை ஒரு நகரத்தின் கணக்காக விரியும் இடம் இது, வசனமே தேவைப்படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சைக்கிள் திருட்டுப்போகிறது. ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் படச் சுவரொட்டியை அந்தோனியோ ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது நடக்கிறது. பிறகு மகன் புரூனோவோடு அவன் அலையும் அலைச்சலில் சமூகத்தின் ஒவ்வொரு அமைப்பும் வந்துபோகிறது. காவல் நிலையம் புகாரை எழுதிக்கொள்கிறது, தேடுவதை அவனிடமே விட்டுவிடுகிறது. தேவாலயத்தில் ஏழைகளுக்கு உணவு உண்டு, ஆனால் அதற்குமுன் பூசையில் உட்கார்ந்தாக வேண்டும். தொழிலாளர் கூடும் நிலவறையில் கூட்டமும் நாடக ஒத்திகையும் நடக்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் உதவி துப்புரவுத் தொழிலாளியான நண்பர் பாயோக்கோவின் தனிப்பட்ட அன்புதான். இவர்களில் யாரையும் படம் கொடியவராகக் காட்டவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பே பறிபோனாலும் அவரவர் அன்றாடம் நிற்காமல் ஓடுகிறது. படத்தின் கடுமையான விமர்சனம் இதுவே.

உணவகக் காட்சி வர்க்க வேறுபாட்டை ஒரு குழந்தையின் கண்வழியே காட்டுகிறது. பக்கத்து மேசையில் வசதியான வீட்டுப் பையன் சாப்பிடும் விதத்தைப் புரூனோ ஓரக்கண்ணால் அளக்கிறான். தந்தையோ, இழந்த வேலையின் சம்பளத்தையும் படியையும் அவனிடமே சொல்லிக் கணக்குப் போடச் செய்கிறான். புரூனோவும் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் சிறுவன்தான். குழந்தை உழைப்பை இப்படம் பரிதாபக் காட்சியாக்காமல், குடும்ப வரவின் ஒரு பகுதியாகவே காட்டுகிறது.

தேடிக் கண்டுபிடித்த திருடனின் வீடு அந்தோனியோவின் வீட்டைவிட மோசமானது. தெருவே திரண்டு திருடனுக்குத் துணை நிற்கிறது. சைக்கிள் கிடைக்காத நிலையில், கடைசியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருட முயன்று மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். சிறுவனைப் பார்த்த சைக்கிள்காரர் புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். ஏழையை ஏழையிடமே திருடவைக்கும் நிலைமையை எடுத்துக்காட்டிய பிறகும், அதற்குத் தீர்வு எதையும் படம் முன்வைக்கவில்லை. இடதுசாரி விமர்சகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பசானோ, பிரசாரமாக ஒலிக்காததாலேயே இதன் வாதம் வலுப்பெறுகிறது என்றார். பசானின் கருத்தே ஏற்கத்தக்கது. ஆனால் ஒரு குறையை மறுக்க முடியாது: விரிப்புகளை அடகுவைத்துக் கதையையே நகர்த்திய மரியா, தேடல் தொடங்கியதும் ஏறக்குறைய மறைந்துபோகிறாள். வறுமையின் வீட்டுப் பக்கம் அதோடு இருண்டுவிடுகிறது.

அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி உண்மையில் தொழிற்சாலைத் தொழிலாளி. பிரபல நட்சத்திரத்தை வைத்து எடுத்தால் பணம் தருவதாக அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் முன்வந்தபோது தெ சிகா மறுத்து, இவரைத் தேர்ந்தெடுத்தார். படத்துக்குப் பின் மஜ்ஜொரானிக்குத் தொழிற்சாலை வேலை போனது. நடிப்பிலும் நிலையான பிழைப்பு அமையவில்லை.

படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. 1952-இல் சைட் அண்ட் சவுண்ட் இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. 1950-இல் லண்டனில் இதைப் பார்த்த சத்யஜித் ராய், பின்னர் பதேர் பாஞ்சாலியை எடுத்தார். பிமல் ராய் 1953-இல் எடுத்த தோ பீகா ஜமீனிலும் இதன் தாக்கம் உண்டு. நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கும் விவசாயியின் கதை அது.