வெள்ளைக்காரன் மரமும் ஒரு வாப்பாவின் கபுறும்



சுற்றுலா என்றால் எங்கள் கந்தளாய்ப் பிள்ளைகளுக்கு நிலாவெளி, புறாத்தீவு, மாபிள் பீச். மூதூர்ப் பக்கம் போவோமா என்று கேட்டால், "அங்க என்ன சேர் இருக்கு?" என்பார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக் கோட்டைக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் சண்டை பிடித்ததைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதன் தெற்கே, மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடா கண்டி இராச்சியத்தின் துறைமுகமாக இருந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் போனது. அதைச் சரிப்படுத்தவும் துணி விற்கவும் கப்பல் இந்தக் குடாவுக்கு வந்தது. கூடவே பரங்கிப்பேட்டை வியாபாரிகளும் வந்தார்கள்.

கரையில் நல்ல உபசரிப்பு. நம்பி இறங்கிய கப்டன், 1660 இல் ஒரு புளியமரத்தடியில் வைத்து இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். அவருடைய மகன் றொபட் நொக்ஸும் அகப்பட்டான். வயது பத்தொன்பதுதான். மொத்தம் 16 பேர்.

கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி மகனை அனுப்பினார்கள். அவன் கப்பலில் ஏறி, உள்ளே வராதீர்கள் என்ற தகப்பனின் சொல்லைச் சேர்ப்பித்தான். அப்படியே ஓடியிருக்கலாம். ஆனால் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பிக் கரைக்கு வந்தான். கப்பல் போய்விட்டது.

அடுத்த வருடம் பண்டார கொஸ்வத்தையில் காய்ச்சலில் தகப்பன் மௌத்தானார். அடக்க உதவி கேட்டதற்கு ஊரார் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்தார்களாம், காட்டுக்குள் இழுத்துப்போட. மகன் விடவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து, தானும் நின்று குழி தோண்டி அடக்கினான்.

இந்தப் பக்கத்தை நான் வாசித்தது 2020 கடைசியில். நம் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த மாதங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். ஒரு மைய்யித்தை மண்ணில் வைப்பதற்கு மனிதன் எவ்வளவு மன்றாட வேண்டியிருக்கிறது!

நொக்ஸ் 1679 இல் மல்வத்து ஓயா வழியே தப்பி, அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681 இல் லண்டனில் அவரது நூல் வந்தது. அன்றைய கண்டிச் சனங்கள் என்ன உடுத்தார்கள், எப்படி விதைத்தார்கள் என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். சிறைப்படுத்திய நாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அந்த இடத்தை மூதூரில் வெள்ளைக்காரன் மரத்தடி என்பார்கள். 1893 இல் அங்கே ஒரு கல் நட்டார்கள். அல்லை–கந்தளாய் வீதியால் போகலாம். கிண்ணியாவால் போனால் 2009 இல் திறந்த பாலமும் இருக்கிறது, முந்திப்போல் பாதைக்குக் காத்து நிற்கத் தேவையில்லை.

அடுத்த தவணைச் சுற்றுலாவுக்கு மூதூரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிபர் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை.