முதலில் ஏற்று, பிறகு இறக்கு: ஓர் உடற்கட்டு மரபின் மீதான விசாரணை

உடலைக் கட்ட விரும்பி ஜிம்மில் சேரும் இளைஞர் முதல் வாரத்திலேயே கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: சில மாதங்கள் நிறையச் சாப்பிட்டு எடையை ஏற்று, பிறகு உணவைக் குறைத்துக் கொழுப்பைக் கரை. இவ்விரு கட்டங்களும் 'பல்க்கிங்', 'கட்டிங்' என்றே தமிழ்நாட்டிலும் வழங்குகின்றன. குறித்த நாளில் மேடையேற வேண்டிய ஆணழகன் போட்டியாளருக்கு இந்த முறை பொருந்தலாம். மேடையை நினைத்தே பார்க்காத தொடக்கநிலையாளருக்கும் அதையே விதிப்பது தவறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கலோரி மிகுந்தால்தான் தசை வளரும், குறைந்தால் தசையும் கரையும் என்ற இரு நம்பிக்கைகள் இதற்கு அடிப்படை. இரண்டாவதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய அரைப்பட்டினி ஆய்வில், 36 ஆண்கள் 24 வாரங்களில் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். கொழுப்போடு தசையும் போயிற்று. ஆனால் அவர்கள் உண்டது பெரும்பாலும் ரொட்டியும் கிழங்கும். எடை தூக்கும் பயிற்சியும் அவர்களுக்கு இல்லை.

புரதமும் பயிற்சியும் சேரும்போது படம் மாறுகிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடை கொண்ட 40 இளைஞர்கள் நான்கு வாரங்கள் தேவையைவிட 40 விழுக்காடு குறைவான கலோரியில் கடும் பயிற்சி செய்தனர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்களின் கொழுப்பற்ற நிறை 1.2 கிலோ கூடியது, கொழுப்பு 4.8 கிலோ குறைந்தது. 1.2 கிராம் புரதம் உண்டவர்களுக்குக் கொழுப்பற்ற நிறை கூடவில்லை, குறையவுமில்லை, கொழுப்பு 3.5 கிலோ இறங்கியது. தசை வளர்ச்சியைத் தூண்டுவது சுமையும் அமினோ அமிலங்களும். அதற்கான ஆற்றலின் ஒரு பகுதியை உடலில் சேர்ந்துள்ள கொழுப்பே தந்துவிடுகிறது.

முதல் நம்பிக்கையும் சோதனையில் தளர்கிறது. நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் இனா கார்தே குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்டு மிகுதியாக உண்டவர்களின் கொழுப்பு 15 விழுக்காடு ஏறியது. விருப்பம்போல் உண்டவர்களுக்கு 3 விழுக்காடுதான். தசை வளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மிகுதியான உணவு பெரும்பாலும் கொழுப்பாகத் தங்கியிருக்கிறது. அதைக் கரைக்கத்தான் பின்னர் 'கட்டிங்' தேவைப்படுகிறது.

இந்திய உடலுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. புணே மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் தம் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்து தெரியும் உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கலாம். அத்தகைய ஒருவரை 'ஒல்லி' என்று முடிவுகட்டி ஆறு மாதம் பல்க்கிங் செய்யச் சொல்வது, நீரிழிவு மலிந்த நம் நாட்டில் பொறுப்பற்ற செயல் என்பேன்.

மக்மாஸ்டர் முடிவை எல்லாருக்கும் நீட்ட முடியாது என்பதும் உண்மை. நான்கு வாரம் குறுகிய காலம். அவ்வளவு கடும் குறைப்பை நெடுநாள் தாங்க இயலாது. பல ஆண்டு பயிற்சி பெற்று, கொழுப்பும் குறைந்துவிட்டவருக்குக் கட்டங்களைப் பிரிப்பதில் பொருள் உண்டு. அவரும் மெல்லத்தான் இறங்க வேண்டும். கார்தே குழுவின் 2011ஆம் ஆண்டு ஆய்வில் வாரம் 0.7 விழுக்காடு எடை குறைத்தவர்களுக்குத் தசை கூடியது, 1.4 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் கனமான எடைகளை விட்டுவிட்டு இலேசானவற்றைப் பலமுறை தூக்கும் வழக்கமும் கைவிடத் தக்கதே. தசையை வளர்த்த சுமைதான் அதைக் காக்கவும் செய்யும்.

ஆகவே தொடக்கநிலையாளர் முதலில் சரிசெய்ய வேண்டியது புரத அளவு. 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு பகுப்பாய்வு, பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் கூட்டுவதால் தசைக்குக் கூடுதல் பயன் தெரியவில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 112 கிராம். நூறு கிராம் சோற்றில் மூன்று கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் ஆறு. நூறு கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 50. சிறுநீரக நோய் இல்லாதவர் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் முட்டை, மீன், கொண்டைக்கடலை, மீல் மேக்கர் ஆகியவற்றை வைத்தால், மொத்தக் கலோரியைக் கூட்டாமலே அந்த அளவை எட்டலாம்.