ரைன் நதியின் இரு கரை இளைஞர்கள்

1870 முதல் 1945 வரை மூன்று பெரும்போர்களில் மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும், 1963 ஜனவரி 22 அன்று பாரிசில் கையெழுத்தான எலிசே உடன்படிக்கையில், வெளியுறவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இணையாகக் கல்வியையும் இளைஞர் நலனையும் தனிப் பிரிவாக வைத்தன. இந்த எண்ணம் அரசுகளுக்கு முதலில் தோன்றியதன்று. டாகாவ் வதைமுகாமிலிருந்து மீண்ட ஜோசப் ரொவான், போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனி எவ்வாறு உருவாகும் என்பதில் பிரான்சுக்கும் பொறுப்புண்டு என எழுதினார். அதே ஆண்டில் ஜான் தூ ரிவோ என்னும் இயேசு சபைத் துறவி, ஓஃபன்புர்க் நகரில் இரு நாட்டாரையும் இணைக்கும் தகவல் மையம் ஒன்றை நிறுவினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்த பிரெஞ்சு அதிபர் தெ கோல், 1962 செப்டம்பரில் லுட்விக்ஸ்புர்க் அரண்மனை முற்றத்தில் ஜெர்மன் இளைஞர்களிடம் அவர்கள் மொழியிலேயே உரையாற்றியது, பிறர் உழுது வைத்த நிலத்தில் விழுந்த விதை எனலாம்.

ஜெர்மன் நாடாளுமன்றம் அமெரிக்க உறவை வலியுறுத்தும் முகவுரையைச் சேர்த்தே உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்ததால், அதன் பாதுகாப்புப் பகுதி தெ கோல் விரும்பிய வலுவை இழந்தது. உடன்படிக்கையின்படி 1963 ஜூலை 5 அன்று பிறந்த பிராங்கோ-ஜெர்மன் இளைஞர் அலுவலகமோ, இரு நாட்டு இளைஞர்களையும் முகாம்களில் சந்திக்கவைத்து இன்றளவும் செயல்படுகிறது. ஆனால் வெவ்வேறு நாட்டு இளைஞரை ஒரே முகாமில் தங்கவைத்தால் மட்டும் நட்பு மலர்ந்துவிடாது. உணவு மேசையில்கூட அவரவர் தம் மொழியினரோடு சேர்ந்துகொள்வதே இயல்பு. ஆகவே முகாம்களை நடத்துவோருக்குப் பயிற்சி அளிப்பது அலுவலகத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று. அவர்கள் கையாளும் முறைகளுள் ‘டாண்டம்’ என்பது குறிப்பிடத்தக்கது: ஒரு பிரெஞ்சு மாணவரும் ஒரு ஜெர்மன் மாணவரும் இணையாக அமர்ந்து, ஒரு வேளை ஒருவர் ஆசிரியராகவும் மறுவேளை மற்றவர் ஆசிரியராகவும் மாறி மாறித் தத்தம் மொழியைக் கற்பிப்பர். பிழை செய்வதும் திருத்துவதும் இருவருக்கும் மாறி மாறி வாய்ப்பதால், வென்றவர், தோற்றவர் என்ற பழைய வரிசைக்கு அங்கே இடமில்லை.

2003இல், உடன்படிக்கையின் 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி பெர்லினில் கூடிய இளையோர் நாடாளுமன்றம், இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டுமெனக் கோரியது. அதன் முதல் தொகுதி 2006இல் இரு மொழிகளிலும் வெளிவந்தது. பிராங்கோ-ஜெர்மன் இளைஞர் அலுவலகத்தைப் போன்ற ஒன்றைப் போலந்துடனும் ஜெர்மனி 1991இல் அமைத்தது. 2016இல் மேற்கு பால்கன் பகுதியின் ஆறு தரப்புகளும் பிராங்கோ-ஜெர்மன் அலுவலகத்தையே முன்மாதிரியாக வைத்து, அல்பேனியத் தலைநகர் டிரானாவைத் தலைமையிடமாகக் கொண்ட இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகத்தை நிறுவ உடன்பட்டன. கொசோவோவைத் தனிநாடாக ஏற்காத செர்பியாவும் அந்தக் கொசோவோவும் அதில் உறுப்பினர்களாக இருப்பது, எலிசேயில் கையெழுத்திட்டவர்களும் எதிர்பாராத நீட்சி.