பனிச்சப்பாத்தும் எங்கட காலும்

போன மார்கழியில் ஒரு பின்னேரம். தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், எங்களில் ஒருத்தரின் வீட்டு விறாந்தையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வட்ஸ்அப்பில் அந்தக் குரல்பதிவு வந்தது. அனுப்பியவள் எங்களோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது குடும்பத்தோடு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஐஸ் திடலுக்கு முதல்முறையாக ஸ்கேட்டிங் பழகப் போயிருக்கிறாள். சித்தியின் மகனுடைய பழைய ஹொக்கி ஸ்கேட்ஸை, ரெண்டு சோடி சொக்ஸ் போட்டு, கட்டிக்கொண்டு.

"விழுந்தது பரவாயில்ல. கால்தான் ஏலாமப் போச்சு. பத்து நிமிசத்துல உள்ளங்கால் அப்பிடியே சுருட்டிப் பிடிச்சிட்டு. கழட்டிப்போட்டு வாங்கில இருந்து அழுதன். சின்னப் பிள்ளையளெல்லாம் சும்மா பறக்குதுகள். எங்கட கால் இதுக்கெல்லாம் செஞ்சதில்ல போல."

வழமையாக அவளை நக்கலடிக்கிற நாங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வசனம் எங்களுக்குப் பழக்கமானது. எங்கட உயரம் காணாது, எங்கட உடம்பு அதுக்குச் சரிவராது என்று விளையாட்டுத் திடலில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! வலி வந்ததும் சப்பாத்தில் பிழை என்று நினைக்காமல் காலில் பிழை என்று நினைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்தச் சப்பாத்து எப்படி வந்தது, அது யாருக்காவது வலிக்காமல் இருந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கினோம்.

எலும்பிலிருந்து இரும்புக்கு

ஐஸில் முதன்முதல் சறுக்கியவர்கள் விளையாட்டுக்காகச் சறுக்கவில்லை. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குளமும் ஆறும் உறைந்துவிட்டால் அதைக் கடந்து போகவேண்டும். குதிரை, மாடு போன்றவற்றின் கால் எலும்பைத் தட்டையாகத் தேய்த்துப் பாதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். இப்படியான எலும்பு ஸ்கேட்டுகள் ஆயிரக்கணக்கான வருசப் பழமையானவை. 12ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன், அந்த ஊர் இளைஞர்கள் எலும்பைக் காலில் கட்டி, இரும்பு முனை வைத்த கம்பால் ஐஸைக் குத்திக்குத்தி வேகமாகப் போனதை விவரித்திருக்கிறார்.

இங்கே கவனிக்கவேண்டியது அந்தக் கம்பைத்தான். எலும்புக்குக் கூரான விளிம்பு கிடையாது. அதனால் காலால் ஐஸை உதைத்துத் தள்ள ஏலாது. தள்ளுகிற வேலை முழுக்கக் கைக்கு. கால் சும்மா நின்றால் போதும்.

13ஆம், 14ஆம் நூற்றாண்டளவில் நெதர்லாந்துப் பக்கம் மரப்பலகையில் இரும்பு அலகைப் பொருத்தினார்கள். அலகின் விளிம்பு ஐஸைப் பிடித்ததும் கம்பு தேவையில்லாமல் போனது. அன்றிலிருந்து சமநிலை பிடிப்பதும் உதைப்பதும் பாதத்தின் வேலை. இன்றைய ஸ்கேட்டின் அலகு மூன்று, நான்கு மில்லிமீற்றர் அகலம்தான். அந்த ஒடுங்கிய கோட்டில் முழு உடம்பும் நிற்கும்போது, புதிதாகப் பழகுகிறவரின் மூளை விழப்போகிறோம் என்று பயந்து, கால்விரல்களை உள்ளே மடக்கித் தரையைப் பிடிக்கச் சொல்லும். சப்பாத்துக்குள்ளே பிடிக்கத் தரை இல்லை. பாதத்தின் வளைவில் இருக்கிற சின்னத் தசைகள் விடாமல் இறுகி இறுகிக் களைத்து, கடைசியில் அப்படியே பிடித்துக்கொள்ளும். எங்கட தோழி "சுருட்டிப் பிடிச்சிட்டு" என்று சொன்னது இதைத்தான்.

வார், திருகாணி, நாடா

அந்த மரப்பலகை ஸ்கேட்டுகளை அன்றாடம் போடுகிற சப்பாத்தின் மேலேயே தோல் வாரால் கட்டினார்கள். வார் தளர்ந்தால் பலகை பக்கவாட்டில் திரும்பி ஆள் விழுவார். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும். நூற்றுக்கணக்கான வருசம் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் ஸ்கேட்டிங் நடந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் முழுக்க உருக்காலான, சப்பாத்தில் கவ்விப் பிடிக்கிற ஸ்கேட்டுகள் வந்தன. 1860களில் ஜக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க நடனக்காரர், அலகைத் தன் சப்பாத்தின் அடியிலேயே திருகாணியால் பூட்டிக்கொண்டு ஆடினார். சப்பாத்தும் அலகும் ஒன்றானதும் வார் அறுக்கிற வலி போனது. பாயவும் சுழலவும் முடிந்தது. அவருடைய ஆட்டத்தைச் சொந்த நாட்டைவிட வியன்னா போன்ற ஐரோப்பிய நகரங்கள்தான் கொண்டாடின. 1875இல் பின்லாந்தில் இறந்தார்.

ஆனால் வலி முழுக்கப் போகவில்லை, இடம் மாறியது. பாய்ச்சல்கள் பெரிதாகப் பெரிதாக, கணுக்காலைத் தாங்க சப்பாத்தை மேலும் மேலும் விறைப்பாக்கினார்கள். அதை இறுக்கிப் பிடிக்கிற நாடா, கணுக்காலின் முன்பக்கத் தசைநாணை அழுத்தத் தொடங்கியது.

பிறக்கும்போதே ஸ்கேட்டோடு பிறக்கிறவர்கள் என்று நாங்கள் நினைக்கிற நெதர்லாந்துக்காரரை எடுப்போம். அங்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் 'எல்ஃப்ஸ்டெடென்டொக்ட்' என்று, பதினொரு ஊர்களைத் தொட்டு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகிற ஒரு ஓட்டம் இருக்கிறது. கால்வாய்கள் முழுக்க உறைந்தால் மட்டும் நடக்கும். 1963 ஜனவரி 18ஆம் திகதி கடுங்குளிரிலும் பனிக்காற்றிலும் கிட்டத்தட்ட 10,000 பேர் புறப்பட்டார்கள். முடித்தவர்கள் மிகச் சொற்பம். வென்ற ரெய்னியர் பாப்பிங் கடைசியில் பனியின் வெளிச்சத்தில் கண் தெரியாமல்தான் வந்து சேர்ந்தார். பாதிவழியில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து 'டச்சுக்காரரின் கால் இதுக்குச் சரிவராது' என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய நாள் கொடியது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. வேக ஸ்கேட்டிங்கில் குதிக்கால் அலகோடு பூட்டியிருப்பதால், உதைத்து முடிக்கிற நேரத்தில் கணுக்காலை முழுதாக நீட்ட ஏலாது. நடக்கும்போது இயல்பாக நடக்கிற அந்த அசைவை ஸ்கேட்டர்கள் அடக்கி அடக்கிப் பழகவேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் குதியிலிருந்து அலகு கழன்று, முன்பக்கம் பிணைச்சலில் ஆடுகிற ஸ்கேட்டை உருவாக்கினார்கள். கொஞ்சக்காலம் அதை ஒருத்தரும் பெரிதாக எடுக்கவில்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் அதைப் போட்டு உலக சாதனைகளை உடைத்த பிறகு பழைய ஸ்கேட் ஓடுபாதையிலிருந்தே காணாமல் போனது. அங்கே மாறியது காலில்லை, சப்பாத்து.

எங்கட கால்

சரி, எங்கட காலுக்கு வருவோம். இலங்கையில் நாங்கள் 'சப்பாத்து' என்று சொல்கிற சொல்லே போர்த்துக்கீசரின் 'சப்பாத்தோ'. மூடிய காலணி கடல் கடந்து வந்தது என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது. இன்றைக்கும் எங்கட வாழ்க்கையில் சப்பாத்து பாடசாலைக்கும் கந்தோருக்கும்தான். வீட்டுக்குள் வெறுங்கால், கடைக்குப் போக பாட்டா, கோயில் வாசலில் அதையும் கழற்றிவிடுவோம்.

இது காலுக்கு என்ன செய்கிறது? 1905இலேயே ஃபில் ஹொஃப்மன் என்ற அமெரிக்க மருத்துவர், சப்பாத்துப் போடாத மக்களின் பாதங்களையும் போடுகிறவர்களின் பாதங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வெறுங்காலோடு வளர்ந்தவரின் விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. சப்பாத்துப் போட்டவரின் விரல்கள் சப்பாத்தின் வடிவத்துக்கு ஒடுங்கியிருந்தன. 1992இல் ராவ், ஜோசஃப் என்ற இரு மருத்துவர்கள் தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாத அச்சுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சப்பாத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, போடாதவர்களில் 2.8 வீதத்தினருக்குத்தான். 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடே நடந்து பழகியவர்களை அளந்தபோது, அவர்களின் பாதம் முன்பக்கம் அகலமாகவும், நடக்கும்போது அழுத்தம் பாதம் முழுக்கப் பரவலாகவும் இருந்தது.

ஆக, செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் பலவீனமான காலில்லை. விரல் பக்கம் அகலமாக இருக்க வாய்ப்புள்ள கால். அதை ஒடுங்கிய, விறைத்த ஒரு பெட்டிக்குள் விட்டால் நெரியும், அவ்வளவுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு பிரான்சுக்கு எதிராக விளையாடி, 2-1 என்றுதான் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

சப்பாத்து சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆள் இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த வேக ஸ்கேட்டிங் உலக சம்பியன்சிப்பில் 1,000 மீற்றரில் தங்கம் வென்றார். அது சில்லு ஸ்கேட், ஐஸில்லை. ஆனாலும் விறைத்த சப்பாத்து, ஒடுங்கிய சமநிலை, பாதத்தின் மேல் விழுகிற பாரம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அவளுக்கு எழுதி அனுப்பியது

இவ்வளவையும் வாசித்த பிறகு தோழிக்கு ஒரு நீண்ட மெசேஜ் எழுதினோம். உங்களுக்கும் பயன்படலாம்.

சித்தி மகனின் சப்பாத்தைத் திருப்பிக் கொடு. பெரிய சப்பாத்துக்குள் கால் வழுக்கும், வழுக்கினால் விரல் மடங்கும், மடங்கினால் பிடிக்கும். ஹொக்கி ஸ்கேட்டை வழமையான சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாகத்தான் எடுப்பார்கள். விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும், முழங்காலை மடக்கினதும் குதி பின்னுக்குப் போய் இறுக இருக்கவேண்டும். நீளத்தை மட்டும் பார்க்காதே, அகலத்தையும் கேள். அகலமான சோடியும் விற்கிறார்கள்.

ரெண்டு சொக்ஸ் வேண்டாம், மெல்லிசாக ஒன்று போதும். நாடாவை விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கமாக, மேலே ஒரு விரல் போகிற அளவுக்குக் கட்டு. ஐஸில் முழங்காலை மடக்கி நில். பாரம் விரல் நுனிக்குப் போகாமல் பாதத்தின் நடுவில் இருக்கட்டும். அடிக்கடி விரல்களை அசைத்துப் பார். அசையவில்லை என்றால் நீ பயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். பதினைந்து நிமிசத்துக்கு ஒருக்கா வெளியே வந்து நாடாவைத் தளர்த்து. பிடித்துவிட்டால் சப்பாத்தைக் கழற்றி, விரல்களை மேல்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைத் தடவு. வீட்டில் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்று பழகு. கழற்றிக் கனநேரம் ஆகியும் வலியோ மரத்த தன்மையோ போகவில்லை என்றால் டொக்டரிடம் போ, பொறுத்துக்கொள்ளாதே.

கடைசி வரியை எழுதத்தான் கனநேரம் எடுத்தது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதி அழித்தோம். கடைசியில் இப்படி அனுப்பினோம்: "உன்ட காலில ஒரு பிழையும் இல்ல."

தை மாசம் முடியிற நேரம் பதில் வந்தது. பழைய சாமான் கடையொன்றில் அகலமான ஒரு சோடி கிடைத்ததாம். நாற்பது நிமிசம் ஐஸில் நின்றாளாம். "கடைசிப் பத்து நிமிசம் வலிச்சுதுதான். ஆனா இந்தமுறை சப்பாத்தைத்தான் பேசினன்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. "அடுத்தமுறை ஆரும் வந்தா ஒரு சோடி பாட்டா குடுத்துவிடுங்கோ. வீட்டுக்குள்ள போட."